பயன் சொல்லல்

தென்மராட்சிக் கிராமமொன்றின் வாசிகசாலை முன்றலில், போர் ஓய்ந்து சில ஆண்டுகள் சென்றபின், ஆண்டு விழாவொன்று நடைபெற்றது. விளக்கேற்றல், வரவேற்புரை, சிறுவர் நடனம் என்பன முடிந்ததும் உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் பேச அழைக்கப்பட்டான். பேச்சுப் போட்டிகள் பலவற்றிற் பரிசு பெற்றவன் அவன். காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மாரே அன்று அவனுக்கு அளிக்கப்பட்ட பொருள். எவ்விடத்திற் குரலைத் தாழ்த்துவது, எவ்விடத்தில் ஒரு மூச்சு நேரம் வாளாவிருப்பது, எச்சொல்லின்மேற் கையை உயர்த்துவது என்பன யாவும் நிலைக்கண்ணாடியின் முன் முன்னரே தீர்மானிக்கப்பட்டிருந்தன. உரையின் இறுதியில் 'அவர்கள் வருவார்கள்' என்னும் தொடர் நான்கு முறை வந்தது. முதன்முறை முணுமுணுப்பாக வந்தது. இரண்டாம் முறை வினாவொன்றுக்கு விடையாக வந்தது. மூன்றாம் முறை நீண்ட மௌனத்தின் பின் வந்தது. நான்காம் முறை ஒலிபெருக்கி அதிர வந்தது. அவை ஆரவாரித்தது. பெண்கள் பலர் சேலைத் தலைப்பாற் கண்களை ஒற்றிக்கொண்டனர். தலைவர் பொன்னாடை போர்த்தினார்.

மறுநாட் காலை அவனுடைய வீட்டுப் படலையில் ஒரு பெண் குடையுடன் வந்து நின்றார். 1996ஆம் ஆண்டிற் சைக்கிளில் வெளியே சென்ற அவருடைய மகன் வீடு திரும்பவில்லை என்பது ஊரறிந்த செய்தி. உள்ளே வருமாறு அழைத்தும் அவர் வரவில்லை. 'தம்பி, நேற்று நீர் வருவினம் எண்டு சொன்னீரெல்லே. உமக்கு ஆர் சொன்னது? ஏதும் அறிஞ்சனீரோ?' என்று மட்டும் கேட்டார்.

பேச்சுக்கலையைப் பற்றி எழுதப்பட்ட நூல்கள் யாவும் ஒருபுறமிருக்க, அக்கலையின் முழுச் சிக்கலும் இவ்வினாவில் அடங்கிவிடுகின்றது எனலாம். மாணவன் ஒரு நயத்தை உச்சரித்தான். அப்பெண் ஒரு செய்தியைக் கேட்டார். சொல்லப்பட்டது ஒன்று, சென்றடைந்தது வேறொன்று. இடையில் நிகழ்ந்தது யாது என்பதும், அதற்குப் பொறுப்பாளர் யாவர் என்பதும் மேடைப் பேச்சைத் தன் பொதுவாழ்வின் முதன்மையான கருவியாகக் கொண்ட யாழ்ப்பாணச் சமூகம் ஆராய வேண்டிய வினாக்களாகும்.

யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்கிலேயே இவ்வாராய்ச்சிக்குரிய சொல்லொன்று கிடைக்கின்றது. குடாநாட்டுச் சைவ ஆலயங்களிற் கந்தபுராணம், பெரியபுராணம், திருவாதவூரடிகள் புராணம் முதலியவற்றை உரிய காலங்களிற் படிக்கும் மரபு நெடுங்காலமாக நிலவி வருகின்றது. பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அவர்கள் இச்சமூகத்தின் வாழ்க்கை முறையையே 'கந்தபுராண கலாசாரம்' என்று குறித்தமை பலரும் அறிந்ததே. இப்புராண படனத்தில் இருவர் அமர்வர். ஒருவர் செய்யுளை இராகத்துடன் படிப்பார். மற்றையவர் அதன் பொருளை விரித்துரைப்பார். இவ்வாறு விரித்துரைத்தலைப் 'பயன் சொல்லல்' என்பர். பொருள் என்று கூறாது பயன் என்று கூறியமை நோக்கற்பாலது. செய்யுளின் கருத்தும், அதனைக் கேட்டதனால் விளையும் நன்மையும் ஒரே சொல்லால் வழங்கப்படுகின்றன. பயன் சொல்பவர் சூரனின் வீழ்ச்சியை விரிக்கும்போது அவையில் அச்சமும் பெருமிதமும் தோன்றும். ஆனால் எதிரே நூலறிந்த முதியோரும் இருப்பர். பிழைபட உரைத்தால் அவர்கள் திருத்துவர். உணர்ச்சிக்கு இடமுண்டு, அதற்குப் பக்கத்திலே நூல் விரித்தபடி கிடக்கும்.

உணர்ச்சியைப் பேச்சினின்றும் அகற்றிவிட வேண்டும் என்று தமிழ் மரபு ஒருபோதும் கூறிற்றில்லை. தொல்காப்பியம் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்து, ஒவ்வொன்றும் நந்நான்கு நிலைக்களன்களிற் பிறக்கும் என்று கூறுகின்றது. அழுகை என்பது பிறரால் இழிவுபடுத்தப்படுதல், உரியதை இழத்தல், முன்னைய நிலையினின்றும் தளர்தல், வறுமை ஆகியவற்றாற் பிறக்கும். வெகுளியோ உறுப்பறுத்தல், குடியை நலிதல், அடித்து அலைத்தல், கொலை ஆகியவற்றாற் பிறக்கும். இலக்கியத்துக்கு உரைக்கப்பட்ட இவ்விலக்கணத்தை எடுத்துக்கொண்டு 1956ஆம் ஆண்டின் பின்னரான யாழ்ப்பாணத்து அரசியல் மேடைகளை நோக்கினால் வியப்பே மேலிடும். மொழியுரிமை இழந்தமை, கலவரங்களில் அடிபட்டமை, குடிபெயர்க்கப்பட்டமை, உயிரிழந்தமை என்று பேச்சாளர் அடுக்கிய பொருள்கள் பெரும்பாலும் இந்நிலைக்களன்களுள் அடங்கிவிடும். அவர்கள் இலக்கணம் பார்த்துப் பேசினரல்லர். அவையின் நெஞ்சில் எவை ஏற்கெனவே கிடந்தன என்பதை அறிந்து பேசினர்.

கிரேக்க அறிஞராகிய அரிஸ்டோட்டிலும் ஏறத்தாழ இதனையே கூறினார். ஒருவரைச் சினங்கொள்ளச் செய்ய விரும்புபவன், சினங்கொள்வோரின் மனநிலை எத்தகையது, அவர்கள் யார்மீது சினப்பர், எக்காரணத்தாற் சினப்பர் என்னும் மூன்றையும் அறிந்திருத்தல் வேண்டும் என்பது அவர் கருத்து. சொல்லின் நியாயம், கேட்போரின் உணர்ச்சி, சொல்வோனின் ஒழுக்கம் என்று மூன்று வழிகளால் அவை இணங்குகின்றது என வகுத்த அவர், சொல்வோனின் ஒழுக்கத்துக்கே பெருவலிமை உண்டென்றும் எண்ணினார். அவருடைய ஆசிரியராகிய பிளேட்டோ இக்கலையை நம்பவில்லை. மருத்துவன் கசப்பைக் கொடுக்கச் சமையற்காரன் இனிப்பைக் கொடுப்பதுபோல நாவன்மையாளன் அவைக்கு உவப்பானதையே வழங்குகின்றான் என்பது அவர் கண்ட குறை. வள்ளுவரோ இரண்டையும் தழுவினார். அவையறிதல், அவையஞ்சாமை, சொல்வன்மை என்று அதிகாரங்கள் வகுத்த அவர், பயனில சொல்லாமை என்றும் ஓர் அதிகாரம் வகுத்தார். நாவன்மையைப் புகழ்ந்தவரே அதற்கு ஓர் அளவுகோலையும் கையளித்தார் என்பது மனங்கொள்ளத்தக்கது.

அவ்வளவுகோலைக் கொண்டு யாழ்ப்பாணத்து மேடைகள் சிலவற்றை அளந்து பார்க்கலாம்.

1847ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் வெள்ளிக்கிழமை வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் ஆறுமுக நாவலர் தமது முதலாவது பிரசங்கத்தை நிகழ்த்தினார். அவருக்கு வயது இருபத்தைந்து; நாவலர் என்னும் பட்டம் அப்போது கிடைத்திருக்கவில்லை. 1849இலேயே திருவாவடுதுறை ஆதீனம் அதனை வழங்கிற்று. வெசுலியன் மிசனைச் சேர்ந்த பேர்சிவல் பாதிரியாரின் பாடசாலையில் ஆசிரியராகவும், விவிலியத்தைத் தமிழாக்கும் பணியில் அவருக்குத் துணையாகவும் இருந்த இளைஞர், கிறித்தவப் போதகர் ஞாயிறுதோறும் என்ன செய்தனர் என்பதை அண்மையிலிருந்து கண்டவர். குறித்த நாளில், குறித்த இடத்தில், எல்லார்க்கும் விளங்கும் உரைநடையில், ஒரு பொருளை எடுத்து நிறுவி, கேட்போரை ஒரு செயலுக்கு அழைக்கும் முறை அது. செய்யுளுக்குப் பயன் சொல்லும் மரபில் வந்த ஒருவர், நூலைச் சாராது நேரே அவையை நோக்கிப் பேசும் இம்முறையைக் கோயிலுக்குட் கொணர்ந்தமை பெரியதொரு மாற்றமாகும். அவரும் நண்பர் கார்த்திகேய ஐயரும் வெள்ளிதோறும் மாறிமாறிப் பேசினர். கொல்லாமை, கள்ளுண்ணாமை, தானம், சிவலிங்க வழிபாடு எனப் பொருள்கள் அமைந்தன.

கண்டனங்களில் நாவலர் காட்டிய வெகுளியும் எள்ளலும் அவருடைய எழுத்தைப் படித்தோர் அறிந்தவை. உணர்ச்சியைத் தூண்ட அவர் தயங்கினாரல்லர். ஆயினும் பேச்சு முடிந்த மறுநாட் காலை அவரிடம் எவரேனும் 'இனி என்ன செய்வது?' என்று கேட்டிருந்தால் அவரிடம் விடையிருந்தது. 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலை தோன்றிற்று. பிள்ளைகளுக்குப் பாடநூல் இல்லையென்ற குறையை நீக்க அச்சுக்கூடம் வந்தது. 1876ஆம் ஆண்டையொட்டிய பஞ்சகாலத்திற் கஞ்சித்தொட்டித் தருமம் நடந்தது. சொல்லின் பின்னே கட்டடமும் புத்தகமும் கஞ்சியும் வந்தன.

எனினும் அவ்வவையின் எல்லையையும் மறைத்தலாகாது. 1847இல் அம்மண்டபத்துக்குள் நுழைய அனுமதிக்கப்படாத சாதியினர் குடாநாட்டிற் பல்லாயிரவர் வாழ்ந்தனர். நாவலரின் சீர்திருத்தம் அக்கதவைத் திறக்கவில்லை. மதிலுக்கு வெளியே நின்றோர் தம் குரலைத் தாமே உயர்த்த வேண்டியதாயிற்று. 1966ஆம் ஆண்டு ஒக்டோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட தீண்டாமை எதிர்ப்பு ஊர்வலமும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் நடந்த ஆலயப் பிரவேசப் போராட்டமும் அதன் வெளிப்பாடுகள். அவர்களின் மேடைகளிலும் வெகுளி நிரம்பியிருந்தது. ஆனால் அவ்வெகுளி எதனைக் கேட்டது என்பதிற் குழப்பமில்லை. கோயிற் கதவு, தேநீர்க் கடையின் குவளை, கிணற்றின் கயிறு என்று விரல் நீட்டிக் காட்டக்கூடிய பொருள்களை அது கேட்டது. உணர்ச்சி மிகுந்த பேச்செல்லாம் ஏமாற்று என்று கருதுவோர் இவ்வரலாற்றை நினைவுகூர வேண்டும்.

கண்ணீருக்கும் ஒரு முறையும் எல்லையும் வகுத்த மரபு கத்தோலிக்கக் கிராமங்களில் உண்டு. 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இலங்கையிற் பணியாற்றிய கோவாவைச் சேர்ந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் இயற்றிய வியாகுலப் பிரசங்கம், தவக்காலத்தில் ஒப்பாரியின் சாயலில் ஓதப்பட்டு வந்துள்ளது. கேட்போரை அழச் செய்தலே அதன் நோக்கம்; அதனை அது மறைப்பதில்லை. அழுபவர் எதற்காக அழுகின்றோம் என்பதை அறிவர். உயிர்ப்பு ஞாயிறு வந்ததும் அழுகை ஓயும் என்பதையும் அறிவர். ஊரே கூடி அழும்போது ஒருவர் கண்ணீரை மற்றொருவர் தம் தேவைக்குப் பயன்படுத்துதல் எளிதன்று. மேடைக் கண்ணீருக்கு இத்தகைய எல்லை இல்லை. அது எந்த நாளில் ஓயும் என்பதை எவரும் சொல்வதில்லை.

உயர்ந்த நோக்கமும் தூய உணர்ச்சியும் மட்டும் ஒரு பேச்சைக் காப்பாற்றிவிடுமோ என்ற வினாவுக்கு 1931ஆம் ஆண்டு ஓர் உரைகல்லாகும். 1924இல் மாணவர் காங்கிரசாகத் தோன்றிய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ், ஹன்டி பேரின்பநாயகம் முதலியோரின் தலைமையிற் சாதிப் பாகுபாட்டை எதிர்த்தது. 1927 நவம்பரிற் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு வரவேற்றது. டொனமூர் அரசியற்றிட்டம் முழுச் சுயராச்சியத்தை வழங்கவில்லை என்பதால் அதனைப் பகிஷ்கரிக்குமாறு அவ்வியக்கம் அறைகூவிற்று. இந்திய விடுதலை இயக்கத்தைச் சேர்ந்த கமலாதேவி சட்டோபாத்தியாயாவும் அவ்வாண்டு வந்து பேசினார். பொதுக்கூட்டங்களில் எழுந்த எழுச்சி வேட்பாளரையும் ஆட்கொண்டது. மே மாதத்தில் நியமனப் பத்திரம் தாக்கல் செய்யும் நாளன்று வடக்கின் நான்கு தொகுதிகளில் எவரும் முன்வரவில்லை. தென்னிலங்கையோ தேர்தலிற் பங்குபற்றிற்று. 1934இல் இடைத்தேர்தல் நடக்கும்வரை அந்நான்கு ஆசனங்களும் வெறுமையாகக் கிடந்தன. அவ்விளைஞரின் நேர்மையை எவரும் ஐயுற முடியாது. ஆயினும் பிறர் உடன்வராவிடின் என்ன நேரும் என்ற பயனை அவ்வெழுச்சியின் நடுவே எண்ணிப் பார்த்தவர் சிலரே.

இவ்விடத்திற் பேச்சு வன்மை என்பது குரலின் வன்மை அன்று என்பதற்குரிய சான்றொன்றையும் கூறுதல் தகும். 1949 டிசம்பரில் இலங்கைத் தமிழரசுக் கட்சியைத் தொடக்கியவர்களுள் முதல்வரான சா. ஜே. வே. செல்வநாயகம், மேடை அதிரப் பேசுபவரல்லர். அவருடைய குரல் மெலிந்தது. பிற்காலத்தில் நோயினால் மேலும் மெலிந்தது. செவிப்புலனும் குன்றியிருந்தது. கிறித்தவராகிய அவர் பெரும்பாலும் சைவர் வாழும் காங்கேசன்துறைத் தொகுதியில் 1952இல் தோல்வியுற்று, 1956இல் வென்று, 1972இற் புதிய அரசியலமைப்பை எதிர்த்துப் பதவியைத் துறந்து, 1975 பெப்ரவரி இடைத்தேர்தலிற் பெருவெற்றி ஈட்டினார். 1961இல் யாழ்ப்பாணக் கச்சேரியின் முன் சத்தியாக்கிரகம் நடந்தபோது மக்கள் கூடியதற்கு அவர் குரலின் கம்பீரம் காரணமன்று. அரிஸ்டோட்டில் சொல்வோனின் ஒழுக்கம் என்று குறித்தது இதுவே. கேட்காத குரலைக் கேட்பதற்காக ஓர் அவை மூச்சையடக்கி அமர்ந்திருக்குமாயின், அங்கே பேசுவது நா அன்று. அவர் வாழ்ந்த வாழ்வு.

ஆனால் எழுபதுகளின் மேடையை ஆண்டது வேறொரு குரல். தமிழ்நாட்டுத் திராவிட இயக்கத்தின் அடுக்குமொழி ஈழத்து மேடைக்கும் வந்து சேர்ந்திருந்தது. பேச்சாளர் செந்தமிழிற் தொடங்குவார். அதனால் அவர் அன்றாட வாழ்வினின்றும் சற்று உயர்ந்து நிற்பார். எதுகையும் மோனையும் நினைவில் ஒட்டிக்கொள்ளும். திடீரென ஊர்ப் பேச்சுக்கு இறங்கி ஒரு பகிடி விடுவார். அவை தன் வீட்டுக் குரலைக் கேட்டு மகிழும். மீண்டும் செந்தமிழுக்கு ஏறும்போது அவையும் உடன் ஏறும். வினா எழுப்பி அவையையே விடை கூறச் செய்வார். விடையைத் தன் வாயாற் கூறியவன் அதனைத் தன் கருத்தென்றே நம்புவான். நுட்பங்களுள் இதுவே தலையாயது. பேச்சாளர் புதிதாக எதனையும் கொடுப்பதில்லை. அவையிடமிருந்த துயரத்தை வாங்கி, வடிவம் கொடுத்து, அவையிடமே திருப்பிக் கொடுக்கின்றார். பெற்றுக்கொண்டவர் அது தம்முடையதே என்பதை அறியாது கைதட்டுகின்றனர்.

அத்துயரங்கள் பொய்யல்ல என்பதை அழுத்திக் கூற வேண்டும். 1958ஆம் ஆண்டுக் கலவரமும், 1974 ஜனவரி 10ஆம் நாள் யாழ்ப்பாணத்தில் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதி நிகழ்ச்சியின்போது நேர்ந்த உயிரிழப்புகளும் எந்தப் பேச்சாளனும் புனைந்தவையல்ல. இத்தகைய காயங்களோடு இருந்த இளைஞர், கூட்டங்களிலே தம் விரலைக் கீறித் தலைவர்களின் நெற்றியில் இரத்தத் திலகமிட்டனர். 1976 மே 14ஆம் நாள் வட்டுக்கோட்டைத் தீர்மானம் நிறைவேறிற்று. 1977 யூலைத் தேர்தலில் தமிழர் விடுதலைக் கூட்டணி 18 ஆசனங்களைப் பெற்றது. திலகத்தை ஏற்ற தலைவர் அதனை ஓர் அணியாகக் கொண்டனர்; இட்ட இளைஞனோ அதனை ஓர் ஒப்பந்தமாகக் கொண்டான். படலையில் நின்ற பெண்ணின் வினாவையே அவ்விளைஞரும் வேறு சொற்களிற் கேட்டனர்: நேற்று மேடையிற் சொன்னீர்களே, அது எப்போது வரும்?

அக்காலத்து மேடையில் மிகுதியாக ஒலித்த சொற்களுள் ஒன்று 'துரோகி' என்பது. அரசியலில் மாறுபட்ட ஒருவரைக் குறிக்க அச்சொல் வழங்கப்பட்டது. கூறியவருட் பலர் அதனை ஒரு வசையாக, கூட்டத்தைச் சூடேற்றும் ஓர் உத்தியாகக் கருதியிருக்கலாம். அச்சொல்லைச் சுமந்த யாழ்ப்பாண மேயர் அல்பிரட் துரையப்பா 1975 யூலை 27ஆம் நாள் பொன்னாலை வரதராசப் பெருமாள் கோயில் முன்றிற் சுட்டுக் கொல்லப்பட்டார். சொல் அங்கே ஓயவில்லை. ஒருமுறை உயிர்பெற்ற சொல்லுக்குத் தன்னைப் பெற்றவர் இன்னார் என்ற நினைவு இருப்பதில்லை. தமிழரசு மேடைகளின் தலைசிறந்த பேச்சாளருள் ஒருவராக விளங்கிய அ. அமிர்தலிங்கம் அவர்களும் பின்னாளில் அதே சொல்லாற் சுட்டப்பட்டு, 1989 யூலை 13ஆம் நாள் கொழும்பிலே தமிழரின் துப்பாக்கிக்கே இரையானார். அதே ஆண்டு செப்டெம்பர் 21ஆம் நாள் மருத்துவபீட விரிவுரையாளர் ரஜனி திராணகம திருநெல்வேலியில் மாலைவேளையிற் சுடப்பட்டு இறந்தார். அவரும் பல்கலைக்கழக நண்பர் மூவரும் எழுதிய 'முறிந்த பனை' என்னும் நூல், அரசுகள் இழைத்த கொடுமைகளோடு, சொந்தச் சமூகம் எதற்கெல்லாம் கைதட்டிற்று என்பதையும் கணக்கிட முயன்றது. கைதட்டியவர் கையிற் குருதி படிந்திருக்கவில்லை. ஆயினும் அந்தக் கைகளின் ஓசை இன்றிச் சொல்லொன்று அவ்வளவு தூரம் சென்றிருக்க முடியாது.

எனவே பொறுப்பு மேடைக்கு மட்டும் உரியதன்று. புராண படனத்திலே பயன் சொல்பவரைத் திருத்த நூலறிந்தோர் எதிரே அமர்ந்திருந்தனர். பொதுக்கூட்டத்தில் அவ்விடம் வெறுமையாயிற்று. இடைமறித்து வினவுதல் அவமரியாதையாகவும், பின்னர் ஆபத்தாகவும் மாறிற்று. பாடசாலைகளும் இதற்கு ஒருவகையிற் துணைபோகின்றன. பேச்சுப் போட்டியின் புள்ளித்தாளில் உச்சரிப்பு, குரலின் ஏற்றத்தாழ்வு, அங்க அசைவு, நேரம் என்பவற்றுக்கு இடமுண்டு. சொன்னது மெய்யோ, சொன்னவன் அதனை நம்புகின்றானோ என்பதற்குப் புள்ளி வழங்கும் கட்டம் பெரும்பாலும் காணப்படுவதில்லை. காரணம் எளிது: அதனை மூன்று நடுவர் ஏழு நிமிடத்தில் அளக்க முடியாது. அளக்க வேண்டியது மறுநாட் காலை.

பயனோடு கூடிய நாவன்மைக்கு அண்மைக் கால எடுத்துக்காட்டு இல்லாமலில்லை. 1925இற் பிறந்து 2008இல் மறைந்த தங்கம்மா அப்பாக்குட்டி அம்மையார் தம் சமயச் சொற்பொழிவுகளாற் பெருங்கூட்டங்களை உருக்கியவர். அந்த உருக்கம் தெல்லிப்பழைத் துர்க்கையம்மன் ஆலயத் திருப்பணியாகவும், ஆதரவற்ற பெண்பிள்ளைகளுக்குரிய துர்க்காபுரம் மகளிர் இல்லமாகவும் உருக்கொண்டது. மறுநாட் காலை அங்கே சென்று எவரும் தட்டிப் பார்க்கக்கூடிய கதவொன்று இருந்தது.

இனி, தென்மராட்சி மாணவனிடம் மீளலாம். படலையில் நின்ற பெண்ணுக்கு அவன் உடனே விடையளிக்கவில்லை. ஒலிபெருக்கியின் முன் ஒரு மூச்சு நேரம் வாளாவிருக்கப் பயின்றவன் அவன். அன்றைய மௌனம் பயின்றதன்று. பின்னர் அவன் மெய்யைச் சொன்னான். 'எனக்கொண்டும் தெரியாது அம்மா. அது... பேச்சுக்குச் சொன்னது.'

'பேச்சுக்குச் சொன்னது' என்பது தமிழில் மிக எளிதாக வழங்கும் ஒரு தொடர். மனத்தில் இல்லாததை மரியாதைக்காகவோ மகிழ்வுக்காகவோ கூறியதைக் குறிப்பது அது. விருந்தினரை இன்னும் இரண்டு நாள் நில்லுங்கள் என்பது பேச்சுக்குச் சொல்வது. பேச்சு என்னும் சொல்லையே மெய்யின்மைக்கு மறுபெயராக வழங்கும் ஒரு மொழி, தன் பேச்சாளரைப் பற்றி எத்தகைய அனுபவத்தைத் தேக்கி வைத்திருக்கின்றது என்பதை எண்ணிப் பார்த்தல் நன்று. அத்தொடரை உச்சரித்த கணத்தில் அவன் தன் பரிசுகள் யாவற்றின் விலையையும் அறிந்துகொண்டான்.

அப்பெண் சினக்கவில்லை. 'ஓம், பேச்சுக்கு' என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டு குடையை விரித்தார். ஒழுங்கையின் திருப்பம்வரை அவர் சென்றபின் அவன் பின்னால் ஓடினான். அவருடன் வீடுவரை நடந்து, திண்ணையில் அமர்ந்து, மகனின் பெயர் என்ன, அன்று என்ன உடுத்திருந்தான், சைக்கிளின் நிறம் யாது, எந்தச் சந்தியில் அவனைக் கடைசியாகக் கண்டவர் யார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு அப்பியாசக் கொப்பியொன்றில் எழுதினான். காத்திருக்கும் தாய்மாரைப் பற்றிப் பதினைந்து நிமிடம் பேசியவன், அவர்களுள் ஒருவரிடம் ஒரு வினாவையேனும் கேட்டது அதுவே முதன்முறை. அவர் நெடுநேரம் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லும்போது குரலை உயர்த்தவுமில்லை, தாழ்த்தவுமில்லை. கேட்டுக்கொண்டிருந்த அவை ஒருவனே. அவன் கைதட்டவில்லை, எழுதிக்கொண்டிருந்தான்.